கௌதி சொன்ன தீர்ப்பு

கௌதிக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மிச்சமிருக்கும் பகுதியைக் கழுவி, தோல் எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்த்து, உறையை இழுத்துவிட்டு, அதன்மேல் செயற்கைக் காலைப் பொருத்துவது தினமும் காலையில் என் வேலை. கால் போன விபத்தில் முதுகும் கெட்டுவிட்டதால் அவனால் குனிய முடியாது. ஆள் கதவை அடைக்கும் உருவம், தாடி வேறு. வலியில் ஒருநாளும் முனகியதில்லை. ஆனால் உறை கொஞ்சம் குளிர்ந்திருந்தால் தெருவுக்கே கேட்கும்படி கத்துவான்.

“யோருன், இதை எங்க வச்சிருந்த? மீன் ஐஸ்லயா?”

“கத்தாதே. பூனை பயப்படுது.”

“உன்னைப் பார்த்துத்தான் அது கட்டிலுக்கு அடியில போகுது. என்னைப் பார்த்து இல்ல.”

நான் வீடுவீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் வேலையில் இருப்பவள். ஓய்வு பெற்றாயிற்று. ஆனால் ஐஸ்லாந்தின் வடகரையில் இப்படி ஒரு குடாவுக்குள் குளிர்காலம் பூராவும் இருக்க வேறு ஆள் கிடைக்காததால் மறுபடி கூப்பிட்டார்கள். கௌதி வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. தெருவுக்கு எதிர்ப்பக்கம் தோரிர் வீட்டுச் சாவியும் இருக்கிறது. இந்த இரண்டு சாவியும் ஒரே வளையத்தில் தொங்குவதை ஊரில் சிலர் வேடிக்கையாகப் பேசுவார்கள். காரணம் இதுதான்.

தோரிர் படகுக் கேப்டனாக இருந்தவர். கௌதி வாலிபத்திலிருந்தே அவர் படகில் வேலை பார்த்தவன். வலையின் இரும்புக் கயிற்றைச் சுற்றும் வின்ச்சை ஓட்டும் முன், மேலே சுக்கான் அறையில் இருப்பவர் “ஹீஃபா!” என்று கத்த வேண்டும். இழுக்கப் போகிறேன், விலகு என்று அர்த்தம். எந்தப் படகிலும் அதுதான் முறை. அன்று வானிலை கெட்டுக்கொண்டிருந்தது, தோரிருக்கு அவசரம். வின்ச் ஓடியது. கௌதியின் கால் கயிற்றுக்கும் உருளைக்கும் நடுவில் இருந்தது.

விசாரணையில் தோரிர், தான் கத்தியதாகவும் காற்று அதைக் கொண்டுபோயிருக்கும் என்றும் சொன்னார். மற்ற ஆட்கள் கீழே மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. காப்பீட்டில் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார்கள். கௌதி அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அவனுக்கு வேண்டியிருந்தது இரண்டே சொல். “நான் கத்தலை.” அதைத் தோரிர் நாலு பேர் நடுவில் சொல்ல வேண்டும். தோரிருக்கோ, தன் படகில் ஒரு ஆளைக்கூடக் கடலுக்குக் கொடுத்ததில்லை என்ற பெயர் இருந்தது. அந்தப் பெயரை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. இப்படியே பதினோரு வருடம் ஓடியது.

எங்கள் ஊர்ப்பேச்செல்லாம் நீச்சல் குளத்தையொட்டிய வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு நீரில் உட்கார்ந்துதான் நடக்கும். தோரிர் தொட்டிக்குள் இறங்கினால் கௌதி எழுந்துவிடுவான். பனி கொட்டினாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்திப் போவான். கௌதி இறங்கினால் தோரிர் எழுந்துவிடுவார். நடுவில் மாட்டிக்கொண்ட நாங்கள் காலை மடக்கி வழிவிட்டுக்கொண்டிருப்போம். முதல் வருடம் அது சோகமாக இருந்தது. பிறகு வெறும் தொல்லையாகிவிட்டது.

கௌதிக்கு ஒரு விளையாட்டுப் பைத்தியம் உண்டு, ஆஸ்பத்திரியில் பிடித்தது. பக்கத்துக் கட்டில்காரர் காட்டிக்கொடுத்தார். கம்ப்யூட்டர் திரையில் ஒரு பழைய உலகம். நீண்ட மண்டபம், நடுவில் நெருப்பு, தன் ஆட்களுக்கு மோதிரம் பங்கிட்டுக் கொடுக்கும் தலைவன், அவனை விட்டு ஓட மாட்டோம் என்று அந்த மோதிரத்தின்மேல் சத்தியம் செய்த வீரர்கள், பெயர் வைத்த வாள்கள், மண்மேட்டுக் கல்லறைக்குள் தன் பொன்னைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் செத்தவன், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு டிராகன். எல்லாம் நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த பழங்கதைகளில் இருப்பதுதான். வெளிநாட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டுபோய், கொம்பு வைத்த தலைக்கவசத்தையும் சேர்த்து எங்களுக்கே விற்கிறார்கள். அந்தக் கொம்பைப் பார்த்தால் கௌதிக்கு ஆகாது.

“கொம்பு வச்சுக்கிட்டு எவன் சண்டைக்குப் போனான்? வாசல்லயே மாட்டிக்கிட்டு நிப்பான்.”

“உனக்கு என்ன, நீயா போட்டுக்கிற?”

“மானம் போகுதே, யோருன். நம்ம மானம்.”

விளையாட்டைச் செய்தவர்களுக்கு எழுதியும் போட்டான். ரொம்ப மரியாதையாக நன்றி சொல்லிப் பதில் வந்தது. அடுத்த முறை அவர்கள் அதைப் புதுப்பித்தபோது கொம்பு இன்னும் நீளமாகியிருந்தது.

திட்டிக்கொண்டே விளையாடினான். அதில் அவனுக்கு ஒரு மண்டபமும் பத்துப் பன்னிரண்டு ஆட்களும் சேர்ந்துவிட்டார்கள். ஆல்போர்கில் பேருந்து ஓட்டும் டென்மார்க்காரன் ப்ரெபன். பிரேமனில் பல் வைத்தியரிடம் வேலை பார்க்கும் ஜெர்மன்காரி ஊட்டே. மற்றவர்களின் பெயர் எனக்கு நினைவில் நிற்காது. யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஹெட்போனும் மைக்கும் வைத்துக்கொண்டு அரைகுறை ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள். கௌதி அவர்களுக்குத் தலைவன். திரையில் மோதிரம் கொடுப்பான். அதோடு நிறுத்தாமல் நிஜத்தில் கம்பளிக் கையுறை பின்னி தபாலில் அனுப்புவான். எங்கள் கடலோடிகளின் கையுறையில் இரண்டு கட்டைவிரல் இருக்கும். ஒரு பக்கம் தேய்ந்தால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். அதைப் பார்த்த ஊட்டே, தன் தலைவனுக்கு எண்ணத் தெரியவில்லை என்று பாவப்பட்டாளாம்.

எனக்கு அந்த வீரர்கள் மேல் பெரிய மதிப்பு கிடையாது. எல்லாரும் சின்ன வயதிலேயே, நல்ல உடம்போடு, வாசலில் நின்று சண்டை போட்டுச் செத்துப்போகிறார்கள். ஒருவரையும் குளிப்பாட்ட வேண்டியதில்லை. ஒருவருக்கும் படுக்கைப்புண் வருவதில்லை. ஒரு ராத்திரி வாசலில் நிற்பதா பெரிய விஷயம்? தினமும் காலையில் கட்டிலிலிருந்து எழுந்து நிற்கட்டும், அப்புறம் பார்க்கலாம். இதைக் கௌதியிடம் சொன்னேன்.

“அப்ப நானும் வீரன்தான்னு சொல்ற.”

“நீ காலை ஆட்டாம இருந்தா சொல்றேன்.”

எதிர்வீட்டில் தோரிருக்கு நடுக்க நோய் வந்தது. முதலில் கை. பிறகு நடை குறுகியது. பிறகு முகம் இறுகியது, சிரித்தாலும் தெரியாது. கடைசியாகக் குரல். இந்த நோயில் குரல் ஒரேயடியாகப் போகாது. பேசுகிறவருக்குத் தான் வழக்கம்போலப் பேசுவதாகவே தோன்றும், எதிரில் இருப்பவருக்குத்தான் கேட்காது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் அக்யூரேரி நகரத்திலிருந்து வந்து, தினமும் வயிற்றிலிருந்து முழுக் குரலில் கத்திப் பழகினால் இன்னும் சில வருடம் தாங்கும் என்றாள். புயலில் படகு ஓட்டியவர், சமையலறையில் உட்கார்ந்து “ஆ” என்று கத்த மறுத்துவிட்டார். மனைவி சால்வோர் கெஞ்சியும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள்.

ஆக, விஷயம் எனக்குத் தெளிவாகவே தெரிந்தது. தோரிர் அந்த இரண்டு சொல்லைச் சொல்ல மனம்வைக்கும் நாளில், சொல்லக் குரல் இருக்காது. கௌதி செத்தாலும் அதைக் கேட்காமல்தான் சாவான். ஒரு வீட்டில் பார்த்ததை இன்னொரு வீட்டில் பேசுவது என் தொழிலில் கிடையாது. அதனால் இங்கே ஒரு காலைப் பொருத்திவிட்டு, அங்கே போய் ஒரு சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நான் பேசவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. நிலத்தடி வெந்நீர்தான் எங்கள் வீடுகளைச் சூடாக்குகிறது. சூடு அதிகமானால் குழாயைத் திருக மாட்டோம், நடுக்குளிரிலும் ஜன்னலைத் திறந்துவிடுவோம். கௌதி ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டுதான் விளையாடுவான். இரவுச் சாப்பாட்டுக்கு முன் தோரிருக்கு மாத்திரை கொடுக்கப் போனால், அவர் தன் சமையலறை ஜன்னலையும் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நான் பேச வாயெடுத்தால் கையைத் தூக்கித் தடுப்பார். தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கௌதியின் குரல் வரும். “கேடயத்தை ஒட்டிப் பிடி! இடது பக்கம் யாரு? ப்ரெபன், தூங்கறியா?”

“வருஷக்கணக்கா இதுதான் இவனுக்கு வானொலி,” என்றாள் சால்வோர். “எனக்கே அந்த ஊட்டே பேரெல்லாம் மனப்பாடம்.”

விபத்துக்குப் பதினோராவது வருடம், குளிர்காலத் தொடக்கத்தில் மண்டபத்தில் ஒரு தகராறு. ப்ரெபன் வாசல் காவலில் இருந்தவன், தன் வீட்டு அடுப்பில் இறைச்சி உருண்டை கருகும் வாசனை வந்ததும் சொல்லாமல் எழுந்து போய்விட்டான். எதிரிகள் உள்ளே புகுந்து மண்டபத்தைக் கொளுத்தினார்கள். ஊட்டே இரண்டு வருடம் பாடுபட்டுச் சேர்த்த வாள் போயிற்று. மாலையில் கௌதியின் காலைக் கழற்றிக்கொண்டிருந்த எனக்கு, ஹெட்போனுக்கு வெளியே ஊட்டேயின் கூச்சல் கேட்டது. கௌதி இரண்டு பேரையும் அடக்கினான்.

“ஊட்டே, நிறுத்து. ப்ரெபன், நீ ‘மன்னிச்சுக்கோ’ன்னு முணுமுணுத்தா ஆகாது. பழைய முறைப்படி செய். தீர்ப்பை அவ கையிலேயே கொடு. என்ன தண்டனைன்னு அவளே சொல்லட்டும், நீ மறுபேச்சு பேசாம செய்யணும். அடிபட்டவன் கையிலேயே தராசைக் கொடுக்கறதுக்குத்தான் துணிச்சல் வேணும். வாளைத் தூக்க எவனாலயும் முடியும்.”

ப்ரெபன் ஒத்துக்கொண்டான். ஊட்டே யோசித்து, அவன் குளிர்காலம் முழுக்க ஆட்டுத் தலைத் தொப்பி போட்டுக்கொண்டு வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னாள். கௌதி அதை உரக்கத் திருப்பிச் சொன்னான், எல்லாரும் சிரித்தார்கள். தகராறு முடிந்தது.

நான் தெருவைக் கடந்து தோரிர் வீட்டுக்குப் போனேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மாத்திரையை விழுங்கிவிட்டு ஏதோ கேட்டார். குனிந்து காதைக் கொடுத்தேன்.

“ஆட்டுத் தொப்பின்னா சொன்னா?”

“என்னைக் கேக்காதே. நான் ஒண்ணும் கேக்கலை,” என்றேன்.

ஜனவரிக் கடைசியில், எங்கள் பழைய நாட்காட்டியின் தோர்ரி மாதம் பிறந்ததும், எங்களுக்கு நடுக்குளிர்கால விருந்து. சமூகக் கூடத்தில் நீள மேசைகள் போட்டு, அவரவர் வீட்டிலிருந்து மரத்தட்டில் புளிக்கவைத்த கறி, வாட்டிய ஆட்டுத்தலை, நாறும் சுறா, வெண்ணெயோடு கருவாடு எல்லாம் கொண்டுவருவோம். பிறகு நாடகம். அந்த வருடம் ஊரில் யார் யார் என்னென்ன கோமாளித்தனம் செய்தார்கள் என்று விழாக்குழு நடித்துக் காட்டும். கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டால் அடுத்த வருடமும் அவர்தான்.

தோரிருக்குக் கறி தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்பதால், நறுக்கிக் கொடுக்க என்னை அவர் வலப்பக்கம் உட்காரச் சொல்லியிருந்தாள் சால்வோர். கௌதி இரண்டு மேசை தள்ளி இருந்தான்.

பள்ளிக்கூடச் சமையல்காரிகள் இருவர் பொய்த்தாடி ஒட்டிக்கொண்டு, மீன் போடும் பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி மேடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி தொட்டிக்குள் இறங்குவாள், மற்றவள் உடனே வெளியே குதிப்பாள். இவள் இறங்க, அவள் குதிக்க. ஒவ்வொரு தடவையும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் போய்க்கொண்டிருந்தது. நடுவில் குளியல் தொப்பியோடு உட்கார்ந்திருந்த மூன்றாவது ஆள் கடைசியில் எழுந்து, “ஐயா, உங்க சண்டையில எங்க வெந்நீர் எங்கய்யா போச்சு?” என்று கேட்டாள்.

கூடம் அதிரச் சிரித்தார்கள். கௌதியும் சிரித்தான், பல்லைக் கடித்துக்கொண்டு. தோரிரின் முகத்தில் எதுவும் தெரியாது, நோய் அப்படி. ஆனால் அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான் முழங்கையைத் தாங்கினேன்.

“கௌதி.”

யாருக்கும் கேட்கவில்லை. கரண்டியால் தட்டைத் தட்டினேன். கூடம் அடங்கியது.

“கௌதி. தீர்ப்பு உன் கையில. நீயே சொல்லு. செய்யறேன்.”

எங்கள் மேசைக்கு மட்டும்தான் அது கேட்டது. “என்ன சொன்னான்? என்ன சொன்னான்?” என்று பின்னாலிருந்து கேட்டார்கள். மேசைக்கு மேசை சொல்லி அனுப்பினார்கள். அது கௌதியிடம் போய்ச் சேர்ந்தது. அவன் மேசையில் கையூன்றி எழுந்தான்.

“குத்தம் என்னன்னு சொல்லாம தீர்ப்பை எங்கேருந்து சொல்றது?”

தோரிர் மேசையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அவர் மூச்சை இழுத்தார். பயிற்சிக்காரப் பெண் சொல்லிக்கொடுத்தபடி வயிற்றிலிருந்து இழுத்தார், நான் பார்த்தேன்.

“நான் கத்தலை.”

இதுவும் எங்கள் மேசையைத் தாண்டவில்லை. மறுபடி ஒருவர் திரும்பி அடுத்தவரிடம் சொன்னார். “கத்தலையாம்.” “எது கத்தலை?” “ஹீஃபா கத்தலையாம். கத்தாமத்தான் வின்ச்சை ஓட்டினானாம்.” இப்படியே கூடம் முழுக்கப் போய், கடைசியில் சமையலறைக்குள் போயிற்று. உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. “அது எங்களுக்கு அப்பவே தெரியுமே!”

கௌதி அப்படியே உட்கார்ந்துவிட்டான். பதினோரு வருடமாகக் கேட்டது கிடைத்ததும் அதை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல, முன்னாலிருந்த சாராயத்தைக் குடித்தான், ஒரு துண்டு சுறாவை மென்றான். மற்றவர்கள் பொறுக்கவில்லை.

“படகைக் கேளுடா!”

“படகை எப்பவோ வித்தாச்சு.”

“காலுக்குக் கால் கேளு!”

“அவன் காலே நிக்க மாட்டேங்குது, வச்சுக்கிட்டு என்ன பண்ண?”

“ஆட்டுத் தொப்பி!” என்றார் ஒருவர். கௌதியின் ஜன்னலை ஊரே கேட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது.

அவன் மறுபடி எழுந்தான். “கிழவா, உன் குரல் எங்க போச்சு?”

படகில் வேலை செய்தவர்கள் கேப்டனைக் கிழவன் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடத்தில் கௌதி அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அதுவரை அவன் வாயில் அவர் “எதிர்வீட்டுக்காரன்”தான்.

தோரிர் பதில் சொல்வதற்குள் சால்வோர் குறுக்கிட்டாள். “நோய் தின்னுது. தினமும் கத்தினா தங்கும்னு சொல்லியாச்சு. இந்த மனுஷன் வெக்கப்பட்டுக்கிட்டுக் கத்த மாட்டேங்கறான். அவனைக் கத்தச் சொல்லுன்னு என் காதுலதான் எல்லாரும் கத்தறாங்க.”

கௌதி என்னைப் பார்த்தான். நான் கறியை நறுக்கிக்கொண்டிருந்தேன்.

“சரி, கேளு,” என்றான். “தினமும் சாயங்காலம் நீ என் வீட்டுக்கு வரணும். திரையில என் ஆளுங்க மண்டபக் கதவுக்குப் பின்னால நிப்பாங்க. நீ ‘ஹீஃபா’ன்னு கத்தினாத்தான் கதவு திறக்கும். நீ கத்தற வரைக்கும் ஒருத்தரும் அசைய மாட்டாங்க. காத்து கொண்டுபோச்சுன்னு சாக்குச் சொல்ல முடியாது. என் வீட்டுக்குள்ள காத்து கிடையாது.”

“எத்தனை நாளைக்கு?” என்று யாரோ கேட்டார்கள்.

“குரல் இருக்கற வரைக்கும்.”

தோரிர் தலையாட்டினார். அவர் தலை எப்போதும் ஆடிக்கொண்டுதான் இருக்கும் என்பதால், நான் எழுந்து, “ஒத்துக்கிட்டான்,” என்று சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் மாலை பனியை வெட்டி ஒதுக்கி, தெருவின் குறுக்கே அவரை நடத்திக்கொண்டு போனோம். கௌதி தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டுத் தான் கட்டிலில் உட்கார்ந்துகொண்டான். ஹெட்போனை அவர் தலையில் மாட்டினான். திரையில் கதவுக்குப் பின்னால் எல்லாரும் கேடயத்தோடு நின்றார்கள். ப்ரெபன் மட்டும் ஆட்டுத் தலையோடு வெளியே நின்றான்.

தோரிர் ஏதோ சொன்னார். மைக்கில் ஏறவில்லை.

“கௌதி, உன் மைக்குல பூனை உக்காந்திருக்கா?” என்று ப்ரெபன் கேட்டான்.

“நிமிர்ந்து உக்காரு,” என்றேன். “தொண்டையிலேருந்து வேண்டாம். வயித்துலேருந்து.”

இரண்டு தடவை காற்றுதான் வந்தது. மூன்றாவது தடவை, “ஹீஃபா!”

பூனை அலமாரிமேல் பாய்ந்தது. கதவு திறந்தது. அதற்குள் எதிரிகள் பின்பக்கமாகச் சுற்றி வந்துவிட்டிருந்தார்கள். மண்டபத்தில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. முதலில் செத்தவன் ப்ரெபன்.

“அடப்பாவி!” என்று கௌதி தொடையில் அடித்துக்கொண்டான். “இத்தனை வருஷம் கழிச்சும் லேட்டாத்தானே கத்தற!”

தோரிரின் தோள் குலுங்கியது. நடுக்கம் என்று நினைத்து மணிக்கட்டைப் பிடித்தேன். இல்லை, சிரிப்பு.

“யாரு அது, அந்தப் புது ஆளு?” என்று ஊட்டே கேட்டாள்.

கௌதி மைக்கைத் தன் பக்கம் இழுத்தான். “என் கேப்டன்.”

இரண்டு குளிர்காலம் குரல் தாங்கியது. பயிற்சிக்காரப் பெண் தன் பயிற்சியால்தான் என்று எழுதிவைத்துக்கொண்டாள், நான் மறுக்கவில்லை. இப்போது வெந்நீர்த் தொட்டியில் இருவரும் ஒன்றாகவே இருக்கிறார்கள். கால் நீட்ட இடம் போதவில்லை என்று மற்றவர்கள் புலம்புகிறார்கள்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு மாலை தோரிர் எவ்வளவு முயன்றும் மைக்கில் எதுவும் ஏறவில்லை. கௌதி ஹெட்போனைக் கழற்றி வைத்தான். “தீர்ப்பு முடிஞ்சுது, கிழவா. நிறைவேத்திட்ட. இனிமே வீட்ல இரு.”

மறுநாள் அதே நேரத்துக்குக் கதவு தட்டப்பட்டது. சால்வோர் கையைப் பிடித்துக்கொண்டு தோரிர் நின்றார். மற்றக் கையில் சூப் வைக்கும் பாத்திரமும் கரண்டியும். நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்து, பாத்திரத்தை மடியில் வைத்து ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். திரையில் கதவு திறந்தது.

கரண்டிதான் கையிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் கௌதி ஒரு ஜோடி கையுறை பின்னிக் கொடுத்தான், இரண்டு கட்டைவிரல் வைத்தது. தன் ஆட்களுக்கு மட்டும்தான் அவன் அப்படிப் பின்னுவான். அதை நான்தான் மாட்டிவிடுகிறேன். கம்பளி முரடாக இருப்பதால் கரண்டி நழுவுவதில்லை.